விசில் ஊதுமுன்பே முடிவாகும் தாக்குதல்



பாடப் பகுதி என்றால் எடை, கணக்கு, கொள்முதல், வரி என்றுதான் இருக்கும் என்று எண்ணிப் பக்கத்தைப் புரட்டியவர்கள் சற்றே பொறுத்துக்கொள்ள வேண்டும். இம்முறை நாம் கால்பந்து பற்றிப் பேசப் போகிறோம். அதிலும் ஆடுகிறவர்களைப் பற்றி அல்ல. கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, ஒருமுறைகூடப் பந்தை உதைக்காமல், கோல் எந்த வழியாக விழ வேண்டும் என்று தீர்மானிக்கிற பயிற்சியாளரைப் பற்றி.

காரணம் இருக்கிறது. கள்ளிக்குப்பத்தில் நம்மவர்கள் நான்கு பேர் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் போட்டியில் வந்துதான் முடிகிறது. ஒரு பக்கம் அம்பத்தூர் சாலைகளில் குளிர்சாதன வசதியோடு பெரிய கடைகள். இன்னொரு பக்கம், செல்போனில் தட்டினால் பத்து நிமிடத்தில் பையோடு வாசலில் வந்து நிற்கும் பையன்கள். இதற்கு நாம் கொடுக்கும் பதில் என்ன? விலையில் ஒரு ரூபாய் குறைக்கிறோம். பற்றுக் கணக்கை இன்னும் கொஞ்சம் நீட்டுகிறோம். இரவு பத்து மணிக்குச் சாத்த வேண்டிய கதவைப் பதினொன்றுக்குச் சாத்துகிறோம். மூன்றுமே கோல் கம்பத்தின் கீழ் நின்று பந்தைத் தடுக்கிற வேலை. தடுப்பு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் தடுப்பு மட்டுமே ஆடுகிற அணி எவ்வளவு சிறப்பாக ஆடினாலும் ஆட்டம் சமனில்தான் முடியும்.

நாமும் முன்னே போய் ஒரு கோல் அடிப்பது எப்படி, அதை யார், எப்போது தீர்மானிப்பது என்பதே இந்தப் பாடம்.

கட்டளை போகும் நேரம்

அமெரிக்காவில் கால்பந்து என்ற பெயரில் வேறொரு ஆட்டம் உண்டு. பெயர்தான் கால்பந்து, பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள். அங்கே சில விநாடிகளுக்கு ஒருமுறை ஆட்டம் நின்றுவிடும். அந்த இடைவெளியில், அடுத்த நகர்வு இன்னது என்று பயிற்சியாளர் கட்டளை அனுப்புவார். 1994 முதல் அந்நாட்டின் பெரிய தொழில்முறை லீகில், ஆட்டத்தை நடத்தும் வீரரின் தலைக்கவசத்துக்குள்ளேயே ரேடியோ பொருத்திவிட்டார்கள். கரையில் நிற்கிறவர் பேசுவது நேராக அவர் காதில் விழும். பயிற்சியாளர் கையில் நகர்வுகள் அச்சடித்த அட்டை இருக்கும். அதைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொல்லுவார்.

நம் ஊரில் ஆடுகிற கால்பந்தில் இந்த வசதி கிடையாது. ஒரு பாதி 45 நிமிடம். விசில் ஊதிவிட்டால் பந்து ஓடிக்கொண்டே இருக்கும். கரையிலிருந்து கத்தினால் எதிர் முனையில் இருப்பவனுக்குக் கேட்காது. கேட்டாலும் அதற்குள் பந்து வேறு இடத்துக்குப் போயிருக்கும். ஆகவே இந்த ஆட்டத்தில் பயிற்சியாளர் தாக்குதலுக்கான கட்டளையை ஆட்டத்துக்கு முன்பே கொடுத்து முடித்துவிட வேண்டும். யாரை எங்கே நிறுத்துவது, பந்து கிடைத்தவுடன் முதல் பார்வை எந்தப் பக்கம், எதிராளி இப்படி வந்தால் நாம் எப்படிப் போவது என்ற நாலைந்து முடிவுகள் வீரனின் காலுக்குள் போய்ப் படிந்திருக்க வேண்டும். அதன் பிறகு அவர் செய்யக்கூடியது நம்பிக்கையோடு உட்கார்ந்திருப்பதுதான்.

மளிகைக் கடை இதில் எந்த ஆட்டத்தைச் சேர்ந்தது? நம்மில் பலர் அமெரிக்க ஆட்டம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறோம். முதலாளி அரிசி எடுக்கச் செங்குன்றம் போயிருப்பார், அல்லது பாரிமுனைப் பக்கம் பருப்பு, மிளகாய் விசாரிக்கப் போயிருப்பார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு போன். “அண்ணாச்சி, துவரம்பருப்பு ரெண்டு கிலோ கேக்காங்க, பழைய ரேட்டா, புது ரேட்டா?” பதில் வருவதற்குள் அந்த அம்மா எதிர்ச் சாரிக்குப் போய்விட்டார். செல்போன் வந்த பிறகு இந்தப் பழக்கம் கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. மாலை ஆறு மணிக்கு எஸ்டேட்டில் வேலை விட்டு வருகிற கூட்டம் கடை முன்னால் நிற்கும்போது ஆட்டம் நிற்பதில்லை. கல்லாவில் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு பொட்டலத்துக்கும் கட்டளையிடும் முதலாளிகூட, அந்த இரண்டு மணி நேரத்தில் கரையில் நின்று கத்துகிற பயிற்சியாளர்தான்.

ஒன்பதாம் எண் சட்டை

முன்கூட்டியே முடிவு செய்த தாக்குதல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உலகம் முழுவதும் சொல்லப்படும் ஓர் ஆட்டம் உண்டு. 1953 நவம்பர் 25 அன்று லண்டன் வெம்பிளி மைதானத்தில் இங்கிலாந்தும் ஹங்கேரியும் மோதின. ஐரோப்பியக் கண்டத்து நாடு எதுவும் அதுவரை இங்கிலாந்தை அதன் சொந்த மண்ணில் வென்றதில்லை. ஹங்கேரியின் பயிற்சியாளர் குஸ்தாவ் செபெஷ், இங்கிலாந்தில் பயன்படுத்தும் பந்துகளை முன்னதாகவே வாங்கிப் போய், வெம்பிளியின் நீள அகலத்துக்குச் சரியான மைதானத்தில் தம் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தார். சரக்கு எடுக்கப் போகுமுன் சந்தையை விசாரிப்பது போல என்று வைத்துக்கொள்ளலாம்.

அன்றைக்குச் சட்டை எண்ணைப் பார்த்தே ஆள் எங்கே நிற்பான் என்று சொல்லிவிடுவார்கள். 9 என்றால் நடு முன்கள வீரன். கோலுக்கு நேர் எதிரே நிற்பான். அவனைக் காவல் காப்பது எதிரணியின் 5ஆம் எண்காரர் வேலை. ஹங்கேரியில் 9 போட்டிருந்தவர் ஹிதெகுட்டி. அவர் முன்னே போய் நிற்கவே இல்லை. நடுக்களத்துக்கு இறங்கி வந்து நின்றுகொண்டார். இங்கிலாந்தின் 5ஆம் எண்காரரான ஹாரி ஜான்ஸ்டனுக்குத் திண்டாட்டம் ஆகிவிட்டது. பின்னாலேயே போனால் தம் இடம் காலியாகும். அந்தக் காலி இடத்தில் புஷ்காஷ் புகுந்துவிடுவார். போகாமல் நின்றால் ஹிதெகுட்டி தடையின்றித் தாமே அடித்துவிடுவார். முதல் நிமிடத்திலேயே முதல் கோல் விழுந்தது. முடிவு 6-3. ஹிதெகுட்டி மூன்று, புஷ்காஷ் இரண்டு. ஏதோ ஒரு நாள் யோகம் என்று சொன்னவர்களுக்கு ஆறு மாதம் கழித்துப் புடாபெஸ்டில் பதில் கிடைத்தது. அங்கே 7-1.

கடைக்காரர் கண்ணோடு இதைப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. நம் கடையிலும் 9ஆம் எண் சட்டை போட்ட சரக்கு உண்டு: சர்க்கரை, சமையல் எண்ணெய், முட்டை. பெரிய கடைக்காரர் நம்மைக் காவல் காப்பது இந்தச் சரக்குகளில்தான். விளம்பரத் தாளில் கொட்டை எழுத்தில் போடுவதும் இவற்றின் விலையைத்தான். நாமும் அங்கேயே நின்று முட்டிக்கொண்டிருக்கிறோம். லாபம் என்று பெரிதாக எதுவும் இல்லாத அந்த இடத்தில், அடக்க விலையை ஒட்டி விற்றுவிட்டுச் சும்மா இருந்துவிடலாம். அவர் கண் அங்கே இருக்கட்டும். நம் கோல் வேறு இடத்தில் விழ வேண்டும்: கல் பொறுக்கிப் புடைத்த பருப்பு, காய்ந்த நல்ல மிளகாய், வீட்டுக்கு அரைக்கத் தேவையான மல்லி, மஞ்சள், சீரகம் எல்லாம் அளவாகக் கட்டிய சாம்பார்ப் பொடிச் சாமான், ஐம்பது கிராம் கேட்டாலும் முகம் சுளிக்காமல் நிறுத்துக் கொடுப்பது. பாக்கெட் போட்டு அடுக்கியிருக்கும் கடையால் அந்த ஐம்பது கிராமைக் கொடுக்க முடியாது.

உவமையை இதற்கு மேல் இழுக்க வேண்டாம். கால்பந்தில் இருக்கிற எல்லாவற்றையும் கடைக்குள் கொண்டுவந்து அடுக்கினால் இடம் பற்றாது.

ரஹீம் சாகிப்

நம் நாட்டுக்கு வருவோம். இந்தியக் கால்பந்தில் இந்த வித்தையை முழுமையாக அறிந்திருந்தவர் சையது அப்துல் ரஹீம். ஹைதராபாத்காரர், 1909இல் பிறந்தவர், தொழிலால் பள்ளிக்கூட ஆசிரியர். அவர் பயிற்சியில் ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணி பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் வென்றது. 1950 முதல் இந்திய அணிக்கும் அவரே பயிற்சியாளர். 1951இல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் ஈரானை 1-0 என்று வென்று தங்கம். அதற்கு அடுத்த ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியாவிடம் 1-10 என்று படுதோல்வி. குளிர் நாட்டில் நம்மவர்கள் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள் என்பதைப் பெரியவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள்.

அந்தத் தோல்விக்குப் பிறகு நான்கே ஆண்டுகளில், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில், இந்தியா அரையிறுதிக்குப் போனது. ஆசியாவிலிருந்து அந்த இடத்துக்குப் போன முதல் நாடு நாம்தான். ஆஸ்திரேலியாவை அதன் மண்ணிலேயே 4-2 என்று வென்றோம். நெவில் டிசூசா மூன்று கோல் அடித்தார். முடிவில் நான்காம் இடம்.

நமக்கு முக்கியம் பதக்கக் கணக்கு அல்ல. ரஹீம் பயிற்சி கொடுத்த விதம். ஹைதராபாத்தில் இளைஞர்களுக்காக அவர் நடத்திய போட்டிகளில் விசித்திரமான விதிகள் இருந்தன. ஒரு போட்டியில், பழக்கமான காலால் பந்தைத் தொடக்கூடாது. வலது கால்காரன் இடது காலால் மட்டுமே ஆட வேண்டும். இன்னொரு போட்டியில், பந்தைக் காலில் வைத்துக்கொண்டு வெட்டி வெட்டி ஓடக்கூடாது. வந்தவுடன் அடுத்தவனுக்குக் கொடுத்துவிட வேண்டும். பார்க்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருந்திருக்கும். ஆனால் அங்கேதான் கட்டளை போகிறது. ‘பந்தைச் சீக்கிரம் கொடு’ என்று ஆட்டத்தின் நடுவே கத்துவதற்குப் பதில், கொடுக்காமல் இருக்க முடியாத ஒரு விதியை வைத்து ஆறு மாதம் ஆடவிட்டால், பிறகு சொல்லவே வேண்டியதில்லை.

ஆட்களைக் கண்டெடுப்பதிலும் அவருக்குத் தனிக் கண். தமிழ்ப் பெற்றோருக்குச் செகந்திராபாத் அருகே அம்முகுடாவில் பிறந்த துளசிதாஸ் பலராம், பயிற்சிக்கு ஹைதராபாத் வந்து போக வசதியில்லாமல் தயங்கினார். வாடகைச் சைக்கிளுக்கென்று தினம் ஒரு ரூபாய் ரஹீம் தம் பையிலிருந்து கொடுத்ததாகப் பலராம் பிற்காலத்தில் நன்றியோடு சொல்லியிருக்கிறார். அந்தச் சைக்கிளில் வந்த பிள்ளை நாட்டின் மிகச் சிறந்த முன்கள வீரர்களில் ஒருவரானார். 2023இல் காலமானார். வேலைக்கு வருகிற பையனின் பஸ் காசைக் கணக்குப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.

1962 ஜகார்த்தா

இனி முக்கியமான இடம். 1962இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டு. ரஹீமுக்கு நுரையீரல் புற்றுநோய் முற்றியிருந்தது. முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0-2 என்று தோல்வி. அடுத்து தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0 என்று வென்றாலும் அதற்குக் கொடுத்த விலை பெரிது. தடுப்பு வரிசையின் தூணான ஜர்னைல் சிங்குக்குத் தாய்லாந்து ஆட்டத்தில் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று.

சாதாரணப் பயிற்சியாளர் என்ன செய்திருப்பார்? அடிபட்டவனை உட்கார வைத்துவிட்டு, கூட இரண்டு பேரைக் கோல் முன்னால் நிறுத்தித் தடுத்துப் பார்த்திருப்பார். ரஹீம் செய்தது வேறு. அரையிறுதியில் அவர் ஜர்னைல் சிங்கை நடு முன்கள வீரராக முன்னே அனுப்பினார். இது குருட்டுத் துணிச்சல் அல்ல. மாணவப் பருவத்தில் ஜர்னைல் முன் வரிசையிலும் ஆடியவர் என்பது ரஹீமுக்குத் தெரியும். அவர் விட்டுப்போன நடு இடத்தை அடைக்க அருண் கோஷ் தயாராக இருந்தார் என்பதும் தெரியும். தென் வியட்நாமை இந்தியா 3-2 என்று வென்றது. சுனி கோஸ்வாமி இரண்டு, ஜர்னைல் ஒன்று.

செப்டம்பர் 4ஆம் நாள் இறுதி ஆட்டம். எதிரே மீண்டும் அதே தென் கொரியா. மைதானத்தில் சுமார் ஒரு லட்சம் பேர். பெரும்பாலோர் நமக்கு எதிராகக் கூச்சலிட்டவர்கள். இஸ்ரேலையும் தைவானையும் அந்த விளையாட்டுகளில் சேர்க்காததை எதிர்த்து இந்திய அதிகாரி ஜி.டி. சோந்தி பேசியிருந்ததால் வந்த கோபம் அது. அந்த இரைச்சலில் கரையிலிருந்து எந்தக் கட்டளையும் போய்ச் சேர்ந்திருக்க முடியாது. போக வேண்டிய தேவையும் இல்லை. 17வது நிமிடத்தில் பி.கே. பானர்ஜி முதல் கோல். 20வது நிமிடத்தில் ஜர்னைல் சிங் இரண்டாவது. முதல் ஆட்டத்தில் தங்களைத் தடுத்து நின்ற மனிதர், தலையில் தையலோடு தங்கள் கோலுக்குள் பந்தை அடித்ததைக் கொரியர்கள் பார்த்தார்கள். கடைசி நிமிடங்களில் அவர்கள் ஒன்றைத் திருப்பினார்கள். 2-1. தங்கம்.

அன்று கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ். மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்காக ஆடி டியூராண்ட் கோப்பை வென்றவர். அவருமே ஆரம்பத்தில் முன்கள வீரராக இருந்து பிறகு கோல் காப்பாளரானவர்தான். ஆள் எந்த இடத்தில் வேலைக்குச் சேர்ந்தானோ அதே இடத்திலேயே இருந்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை என்பதற்கு ஒரே அணியில் இரண்டு சாட்சி.

நம் கடையின் ஜர்னைல் யார்?

மூன்று ஆள் இருக்கிற கடை என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் கல்லாவில், ஒருவர் தராசில், ஒரு பையன் மூட்டை தூக்கவும் வீட்டுக்குச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கவும். இந்தப் பையனை நாம் பின்கள ஆளாகத்தான் பார்க்கிறோம். ஆனால் புதூரிலும் ஒரகடத்திலும் எந்த மாடியில் புதிதாகக் குடி வந்திருக்கிறார்கள், யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் பிரசவத்துக்குப் பெண் வந்திருக்கிறாள், எந்த வீட்டு வாசலில் பெரிய கடைப் பை கிடக்கிறது என்பதெல்லாம் அவனுக்குத்தான் தெரியும். முதலாளிக்குத் தெரியாது. அவன் கையில் ஒரு சிட்டைப் புத்தகம் கொடுத்து, சாமான் இறக்குகிற வீட்டிலேயே அடுத்த மாதப் பட்டியலையும் கேட்டு எழுதி வரச் சொன்னால், அவன் முன்கள வீரன். 

ஆனால் அருண் கோஷை மறந்துவிடக்கூடாது. பையன் வெளியே கூடுதலாக ஒரு மணி நேரம் நின்றால், உள்ளே மூட்டை பிரிக்க யார்? சில கடைகளில், நன்றாகப் பேசுகிறான் என்று கல்லாக்காரரை வெளி வேலைக்கு அனுப்பிவிட்டு, விலை தெரியாத புது ஆளைக் கல்லாவில் உட்கார வைத்துவிடுகிறார்கள். ஒரு வாரத்தில் கணக்கு இடிக்கிறது. முன்னே ஒருவரை அனுப்புமுன் பின்னே யார் என்று முடிவு செய்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். ரஹீம் அந்த வரிசையில்தான் யோசித்தார்.

தாக்குதலுக்கு நேரம் பார்ப்பதும் அப்படியே. பங்குனி, சித்திரையில் புதுப் புளி வரும்; மிளகாய் வரத்தும் அதை ஒட்டித்தான். வருஷத்துக்கு வேண்டிய புளி, மிளகாய், மல்லியை மொத்தமாக வாங்கி வெயிலில் காயவைத்து எடுத்து வைக்கிற வீடுகள் இன்னமும் நம் பகுதியில் இருக்கின்றன. அவர்கள் பாரிமுனைக்குப் பஸ் ஏறிய பிறகு நாம் புளியை வாங்கி வைத்து என்ன பயன்? மாசி மாதமே கேட்க வேண்டும். அறுபது வீடு, வீட்டுக்கு மூன்று கிலோ என்று எழுதி வாங்கினால் 180 கிலோ. அந்தக் கணக்கோடு மண்டிக்குப் போகிறவருக்குச் சில்லறையாக எடுப்பவரைவிட விலை படியும். எடுத்தது தேங்காது, முதலும் முடங்காது. தீபாவளிக்கும் இதே முறை. கடலை மாவு, மைதா, சர்க்கரை, எண்ணெய், நெய் என்று மூன்று வாரம் முன்னதாகப் பட்டியல் எடுத்து, பகல் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை கடை ஓய்ந்திருக்கும் நேரத்தில் கட்டி வைத்துவிட்டால், கடைசி இரண்டு நாள் கூட்டத்தில் தராசு புதிதாக வருகிறவருக்கு மட்டும் ஓடினால் போதும்.

கொள்முதலுக்குப் போகிற நாளில் கடையில் விட்டுப்போக வேண்டிய கட்டளைகளும் அதிகம் இல்லை. விலை ஏறிய சரக்கில் பழைய இருப்பு தீரும்வரை எந்த விலை என்று காலையிலேயே கரும்பலகையில் எழுதிவிட வேண்டும். பேரம் கேட்டால் எவ்வளவு வரை இறங்கலாம் என்ற உரிமையைத் தராசுக்காரருக்கே கொடுத்துவிட வேண்டும். அது மாறினால் போனில் கேட்கட்டும். கேட்ட சரக்கு இல்லையென்றால் ‘இல்லை’ என்று சொல்லி அனுப்பாமல், ‘மாலை வீட்டுக்கு வந்துவிடும்’ என்று சொல்லி எழுதிக்கொள்ளும் பழக்கம் வேண்டும். பற்று யாருக்கு, எந்த அளவு வரை என்பது கல்லாவின் உள்பக்கம் ஒட்டியிருக்க வேண்டும். பற்று விஷயத்தில் மட்டும் கடுமையாக இருப்பதே நல்லது என்பது நம் கருத்து. வேலைக்கு இருக்கிற பையன் முகதாட்சண்யத்தில் மாட்டிக்கொள்ளும் இடம் அது.

இத்தனையும் சொல்லிவிட்டு, பிறகு முதலாளி செங்குன்றத்தில் அரிசியைக் கையில் எடுத்து நிதானமாகப் பார்க்கலாம். பையன் ஒரு தவறு செய்வான். இரண்டு ரூபாய் போகும். போகட்டும். இடது காலால் ஆடப் பழகுகிறவன் முதல் மாதம் பந்தைக் கோட்டுக்கு வெளியேதான் உதைப்பான்.

கோவையில் ஒரு மாலை

இது பழைய காலத்துக் கதை என்று ஒதுக்க வேண்டாம். 2019 மார்ச் 9 அன்று கோயம்புத்தூர் நேரு மைதானத்தில் சென்னை சிட்டி அணி ஐ லீக் பட்டத்துக்கான கடைசி ஆட்டத்தை மினர்வா பஞ்சாப் அணியோடு ஆடியது. சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸ் பயிற்சியாளர். பந்தைத் தரையிலேயே குறுகிய தூரத்துக்குக் கொடுத்து வாங்கி முன்னேறும் ஆட்டத்தை அந்த ஆண்டு முழுக்கப் பழக்கியிருந்தார். பெட்ரோ மான்சி அந்த லீகில் 21 கோல் அடித்தார். கடைசி ஆட்டத்தில் மூன்றாவது நிமிடத்திலேயே மினர்வா ஒரு கோல் அடித்துவிட்டது. இடைவேளையிலும் அதே நிலை. அந்தப் பக்கம் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் வென்று, இங்கே நாம் தோற்றால் பட்டம் போய்விடும். மான்சியைக் காவல் காப்பது எல்லா எதிராளிக்கும் பழகிப்போயிருந்தது. இரண்டாம் பாதியில் அவர் பெனால்டியில் சமன் செய்தார். அடுத்த இரண்டு கோலையும் அடித்தவர் முன்களத்தைச் சேராத கௌரவ் போரா. 3-1. ஈஸ்ட் பெங்கால் 42 புள்ளி, சென்னை சிட்டி 43.

ஒரு புள்ளி வித்தியாசத்தில் வந்த அந்தப் பட்டம் நிலைக்கவில்லை. ஆட்கள் ஒவ்வொருவராக வேறு அணிகளுக்குப் போனார்கள். அந்த அணி இன்று ஐ லீக் வரிசையிலேயே இல்லை.

ரஹீமுக்குப் பிறகும் அதுதான் நடந்தது. 1963 ஜூன் 11 அன்று அவர் மறைந்தார், வயது 53. அவர் உருவாக்கிய ஆட்டக்காரர்கள் இருந்தவரை வேகம் இருந்தது. 1964 ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம் கிடைத்தது. 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் வெண்கலம். அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியாவுக்கு ஒரு பதக்கமும் வரவில்லை. 2024இல் ‘மைதான்’ என்ற இந்திப் படம் வந்தபோதுதான் நம் பிள்ளைகள் பலர் அவர் பெயரையே கேள்விப்பட்டார்கள்.

ஒரு மனிதர் தலைக்குள் இருந்த கணக்கு அவரோடு போவது நம் தொழிலிலும் உண்டு. எந்த மண்டியில் எந்த மாதம் எதை எடுப்பது, எந்த வீட்டுக்கு எந்த அரிசி, யாருடைய பற்று நல்ல பற்று என்பதெல்லாம் கல்லாவில் இருப்பவரின் மனக்கணக்காகவே இருக்கிற கடைகள் நம் கிளையிலேயே பாதிக்கு மேல். மகன் வேறு வேலைக்குப் போய்விட்டான், சொல்லிக் கொடுக்க ஆளில்லை என்றால், தராசில் நிற்கிறவருக்காவது சொல்லி வைக்கலாம்.

அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வரும்போது உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதிக்கொண்டு வருமாறு கேட்டுக்கொள்கிறோம். பெரிய கடைக்காரர் நம்மைக் காவல் காக்கும் சரக்கு எது, அவர் கண் படாத சரக்கு எது. கடையில் இருப்பவர்களில் யாரை இடம் மாற்றினால் முன்னே போவார், அவர் இடத்தில் யார். முதலாளி ஒரு நாள் முழுக்கப் போனை அணைத்து வைத்தால் கடையில் என்ன நடக்கும். மூன்றாவதை எழுதுமுன் ஒரு செவ்வாய்க்கிழமை செய்து பார்த்துவிட்டு எழுதினால் நல்லது.